தங்கபுஷ்பம் அனுப்பிய விழுதல்

குரும்பைவிளையில் வயதானவர்கள் விழுந்துகொண்டேதான் இருந்தார்கள். குளத்துப் படியில் விழுந்தார்கள், கோயில் வாசலில் விழுந்தார்கள், பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்தார்கள், தடுக்குவதற்கு ஒரு துரும்புகூட இல்லாத சமதரையில் நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து, ஒரு செம்பு தண்ணீரைக் கொடுத்து, அடுத்த வீட்டுக்கு "வழுக்கி விழுந்துட்டாவ" என்று சொல்லி முடித்துவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அதனால் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த துரைசிங்கின் தாயார் ஜெபக்கனி ஒரு நடுப்பகலில் குளியலறையில் விழுந்து செத்துப்போனாள் என்றபோது யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியவள் அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பம். ஓய்வுபெறும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரின் கல்யாணப் பேச்சையும் கள்ளப் பேச்சையும் சாவுச் செய்தியையும் கேட்டுக் கேட்டு, கேட்டதில் ஒரு சொல்லைக்கூட வெளியே விடாமல் பல்லுக்குப் பின்னால் வைத்துப் பழகியவள். அவளுக்கும் ஜெபக்கனிக்கும் நடுவில் ஒரு மதில்தான். இருவரும் விதவைகள், இருவரும் மாலையானால் அந்த மதிலின் இரண்டு பக்கமும் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டு பேசுவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், மறுநாள் காலையில் மதில் வழியாகவே ஆப்பமும் தேங்காய்ப் பாலும் கொடுத்துச் சமாதானம் ஆவார்கள்.

அன்று பகலில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து துரைசிங்கின் குரல் கேட்டது. தாயார் தனியாக இருந்த அந்த வீட்டை இடித்துக் கடையைப் பின்னால் நீட்ட வேண்டும் என்பது அவனுடைய பழைய ஆசை. என் மூச்சு இருக்கும்வரை இடிக்கவிட மாட்டேன் என்பது ஜெபக்கனியின் பழைய பதில். குரல் ஏறியது, ஏறியது, பிறகு சட்டென்று நின்றது. நின்ற இடத்தில் தேங்காயைக் கல்லில் போட்டதுபோல ஒரு சத்தம். தங்கபுஷ்பம்தான் முதலில் ஓடினாள். ஜெபக்கனி குளியலறையில் மல்லாந்து கிடந்தாள். தரை காய்ந்து கிடந்தது. வாளி கவிழ்த்த வாக்கில் காய்ந்து கிடந்தது. அவளுடைய சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ரவிக்கைக் கைக்குக் கீழே, மேல்கையில், நான்கு விரல்களின் தடம் சிவந்து இருந்தது. வாசலில் துரைசிங் நின்றான்.

"வழுக்கி விழுந்துட்டா, பெரியம்ம," என்றான்.

அடக்கம் முடிந்த பிறகு தங்கபுஷ்பம் கோயில் குருவானவரிடம் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தள்ளுனத நீங்க கண்ணால பாத்தியளாம்மா?" என்றார். பார்க்கவில்லை என்றாள். "அப்போ ஜெபம் பண்ணுங்க," என்று சொல்லி, அவள் தலையில் கைவைத்து அனுப்பிவிட்டார். அவளும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மற்றச் சொற்களைப்போல இந்தச் சொல் வாயில் தங்கவில்லை. தொண்டை வழியாக இறங்கி, வயிறு வழியாக இறங்கி, காலுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றுமுதல் தங்கபுஷ்பம் விழ ஆரம்பித்தாள். முற்றத்தில் விழுந்தாள், சந்தையில் விழுந்தாள், பாட்டு பாட எழுந்தபோது கோயிலுக்குள்ளேயே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தபோது, நாமும் இப்படியே ஒரு நாள் விழுந்து சாவோம், துரைசிங் மாலையோடு வந்து நிற்பான் என்று நினைத்தாள். அந்த மாலையின் நினைப்பே அவளை எழுப்பி உட்காரவைத்தது.

அந்தச் சமயத்தில்தான் ஷெர்லின் என்ற இளம் பிசியோதெரபிஸ்ட், கோயிலை ஒட்டி, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளிக் கூடத்தில், விழாமல் நிற்பதற்கென்று காலைதோறும் ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். மின்விசிறி ஓடாத அந்தக் கூடத்தில் ஊரின் கிழடுகளெல்லாம் ஆளுக்கொரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். குதிகாலைத் தூக்கி விரலில் நின்றார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, எழுந்த வேகத்தில் விழாமல் மெல்ல உட்கார்ந்தார்கள். ஒரு காலின் குதிகாலுக்கு முன்னால் மறு காலின் பெருவிரலை ஒட்டவைத்து, சாக்பீஸால் இழுத்த கோட்டின்மேல், கையில் விளக்கு ஏந்திப் போகிறவர்களைப்போல நடந்தார்கள். கடைசியில் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"பார்வய ஒரு இடத்துல ஊனுங்கம்மா. அசையாத ஒரு பொருளப் பாருங்க, ஒடம்பு தானா நின்னுரும்," என்பாள் ஷெர்லின்.

கூடத்தின் சன்னல் வழியாகப் பார்த்தால் பஜாரும், பஜாரில் துரைசிங்கின் கடைப் பெயர்ப்பலகையும் தெரியும். தங்கபுஷ்பம் அதில்தான் பார்வையை ஊன்றினாள். இடது காலைத் தூக்கினாள். வலது முழங்கால் நடுங்கியது, இடுப்பு ஒருபக்கம் போனது, விழுந்துவிட்டோம் என்று நினைத்த நொடியில் அந்த விழுதல் அவள் உடம்பைவிட்டுக் கழன்றது. வரவேண்டிய தும்மல் வராமல் போகிறதே, அதுபோலக் கழன்று சன்னல் வழியாகப் போனது. அவள் நின்றுகொண்டிருந்தாள். பஜாரிலிருந்து, அடுக்கி வைத்த குடங்களும் குத்துப்போணிகளும் இட்லிக் கொப்பரைகளும் ஒன்றாகச் சரியும் சத்தம் ஊரெல்லாம் கேட்டது.

"துரைசிங் அண்ணாச்சி கடைக்குள்ள விழுந்துட்டாரு," என்று யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். "வழுக்கிட்டு போல."

மறுநாளும் அவள் ஆடினாள், நின்றாள்; குடங்கள் சரிந்தன. அதற்கு மறுநாளும். தங்கபுஷ்பத்துக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எக்ஸ்சேஞ்சுப் பலகையில் ஒரு துளையில் கம்பியைச் செருகினால் வேறெங்கோ ஒரு வீட்டில் மணி அடிக்கும் என்பதை வைத்துச் சாப்பிட்டவள் அவள். உடம்பைவிட்டுக் கழன்ற விழுதல் காற்றில் கரைந்துவிடாது, எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும், அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அனுப்புகிறவள் சொல்லலாம் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கணவன் செத்த பிறகு முதல்முறையாக அன்று அவள் கண்ணாடி முன்னால் நின்று தலையை ஒழுங்காக வாரிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் வகுப்போடு நிற்கவில்லை. அடுப்படியில் தோசை திருப்பும்போது ஒற்றைக் காலில் நின்றாள், செடிக்குத் தண்ணீர் விடும்போது கோட்டில் நடந்தாள், சுவரில் முதுகு படுகிற தூரத்தில் நின்றுகொண்டு கண்ணை மூடிக் காலைத் தூக்கினாள். கண்ணை மூடினால் உடம்பு அதிகம் ஆடும், அதிகம் ஆடினால் துரைசிங் உயரத்திலிருந்து விழுவான். பல் துலக்கும்போது ஆடினால் அவன் குப்புற விழுந்தான், துணி காயப்போடும்போது ஆடினால் மல்லாந்து விழுந்தான். அவன் விழுந்த செய்தி தெருமுனையைத் தாண்டி வருவதற்குள், எந்தப் பக்கமாக விழுந்திருப்பான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சிறு சந்தோஷத்தை மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம், காலி வீட்டைப் பார்த்து, "இன்னைக்கு எடது தோளு, ஜெபக்கனி" என்று மெல்லச் சொல்லுவாள்.

வகுப்பில் முதலில் கண்டுபிடித்தவர் ஆசீர்வாதம். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பக்கத்து நாற்காலிக்காரர். ஒருநாள் குதிகாலைத் தூக்கி நின்றபடி, தலையைத் திருப்பாமல், "தங்கம், ஒனக்கு ஆடும்போதெல்லாம் அங்க சத்தம் கேக்கு," என்றார்.

"கேக்கட்டும்."

"ஏன்னு கேக்கலாமா?"

தங்கபுஷ்பம் அவரைப் பார்த்தாள். "அவ குளிக்கப் போகல, அண்ணே. தரை காஞ்சு கெடந்துச்சு."

ஆசீர்வாதம் இறங்கினார், மறுபடியும் குதிகாலைத் தூக்கினார். பிறகு, "என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரில கெடக்கும்போது மூணு வேளையும் சோறு பொங்கி அனுப்புனவ அவ," என்றார். "எனக்கும் நல்லா ஆடத்தான் செய்யுது. எப்படி அனுப்பணும்னு சொல்லிக் குடு."

ஒருவர் காதிலிருந்து ஒருவர் காதுக்குப் போய், அந்த வாரம் முடிவதற்குள் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ஜெபக்கனியிடம் ஒரு கரண்டி குழம்பாவது வாங்கிச் சாப்பிடாதவர்கள் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. சர்க்கரை நோய்க்காரர்கள் தங்கள் மரத்துப்போன பாதத்தின் விழுதலை அனுப்பினார்கள், கண்புரைக்காரர்கள் தங்கள் மங்கலின் விழுதலை அனுப்பினார்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள் இழுத்து இழுத்து நடக்கும் காலின் விழுதலை அனுப்பினார்கள். குரும்பைவிளையில் முதியவர்கள் விழுவது நின்றுபோனது. ஷெர்லின் தன் வகுப்பின் வெற்றியை நினைத்துப் பூரித்தாள். யாரும் அவளிடம் மீதிக் கதையைச் சொல்லவில்லை. துரைசிங் மட்டும் விழுந்துகொண்டே இருந்தான்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. கடையின் கல்லாவைச் சுற்றி அவன் மனைவி மெர்சி தேங்காய்நார் மெத்தைகளைப் பரப்பினாள். பக்கத்துத் துணிக்கடைக்காரர் தன் வாசலிலும் பழைய மெத்தை ஒன்றைப் போட்டுவைத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. டீக்கடையில் அவனுக்கு டீயைக் கண்ணாடித் தம்ளரில் கொடுப்பதை நிறுத்தினார்கள். முடிவெட்டுகிறவர் அவனைத் தரையில் படுக்கவைத்துச் சவரம் செய்தார். கண்டக்டர் அவன் உட்கார்ந்த பிறகுதான் விசில் கொடுத்தார், அப்படியும் அவன் இருக்கையிலிருந்து விழுந்தான். கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்க அவன் வரும்போது இரண்டு பேர் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். நசுங்கிய பாத்திரங்களை அவன் மலிவாகத் தள்ளினான், ஊரார் சந்தோஷமாக வாங்கினார்கள்; இடுப்பு நசுங்கிய குடத்தில் தண்ணீர் எடுத்தார்கள், ஒருபக்கம் சொட்டையான சட்டியில் மீன் குழம்பு வைத்தார்கள், குரும்பைவிளையிலிருந்து பெண் எடுக்க வந்தவர்கள் சீர்ப் பாத்திரங்கள் சப்பையாக இருப்பதைப் பார்த்து அது இந்த ஊர் வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டார்கள். மதுரையில் பெரிய டாக்டர்கள் அவன் காதைப் பார்த்தார்கள், மூளையைப் படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். ஒவ்வொரு முறை அவன் விழும்போதும் தூக்கிவிட ஆட்கள் ஓடினார்கள், விசிறினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பாவம் என்றார்கள். "வழுக்கி விழுந்துட்டாரு," என்று அடுத்த கடைக்குச் சொன்னார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்கும்போது மட்டும் அவன் முகம் வெளுத்துவிடும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் அவன் எழுந்திருக்கவில்லை. விழுந்து முறிந்த முன்கை எலும்பும் விலா எலும்பும் கூடி ஒட்டிய பிறகும் எழுந்திருக்கவில்லை. பாயை விரித்துத் தரையில் படுத்துக்கொண்டான், இனி நிற்கமாட்டேன் என்றான். மெர்சி கடைக்குப் போனாள். அவன் படுத்தபடியே சாப்பிட்டான், படுத்தபடியே கணக்குச் சொன்னான், படுத்தபடியே வேதம் வாசித்தான். பஜாரில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

கிடக்கிறவன் எப்படி விழுவான்? அனுப்பிய விழுதல்கள் அவன் வீட்டு வாசல்வரை போயின, உள்ளே நுழைந்தன, தரையோடு தரையாகக் கிடந்த அவனைச் சுற்றிவந்து பார்த்தன, விலாசதாரர் இல்லாத தபாலைப்போலத் திரும்பி வந்தன. திரும்பி வந்தவை வெறுமனே வரவில்லை. போய்வந்த தூரத்தின் வேகத்தோடு வந்தன. தங்கபுஷ்பத்துக்கு முழங்கால் சிராய்த்தது. ஒருத்திக்கு நெற்றி கிழிந்தது. ஆசீர்வாதம் சாக்பீஸ் கோட்டின்மேல் நடந்துகொண்டிருந்தவர், யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தங்கபுஷ்பம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னால வந்தது, அண்ணே," என்றாள்.

"ஒன்னால வரல. அவன் படுத்துக்கிட்டான், அதான் வந்துச்சு." ஆசீர்வாதத்துக்கு வலியில் மூச்சு வாங்கியது, கண்ணில் மட்டும் பழைய கோபம் அப்படியே இருந்தது. "ஜெபக்கனியக் கொன்னுட்டு இப்பம் சொகமா பாயில படுத்துக் கெடக்கான். கெடக்கவன என்ன செய்ய முடியும்? முதல்ல எந்திரிக்க வை, தங்கம். நல்லா நிமிந்து நிக்க வை. பெறவு பாத்துக்கிடலாம்."

அவள் அன்றே வகுப்பில் எல்லோரிடமும் சொன்னாள்: நான் சொல்லும்வரை யாரும் நாற்காலியை விடக்கூடாது, நன்றாகப் பிடித்துக்கொண்டே பயிற்சி செய்யுங்கள், ஆடாதீர்கள், எதையும் அனுப்பாதீர்கள். சொல்லிவிட்டு, துக்கத்துக்குப் போனபிறகு மிதிக்காத துரைசிங் வீட்டு வாசலை மிதித்தாள்.

மெர்சி கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். "உள்ள வாங்கத்த," என்று மட்டும் சொன்னாள்.

துரைசிங் பாயில் கிடந்தான். வயிறு பெருத்திருந்தது, கெண்டைக்கால் சூம்பியிருந்தது. அவளைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் ஒண்டினான்.

"ஏல துரை, எந்திரி," என்றாள் தங்கபுஷ்பம்.

"முடியாது, பெரியம்ம. நின்னா விழுந்துருவேன்."

"விழாம நிக்க நான் சொல்லித் தாரேன். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

ஷெர்லினிடம் கேட்டுக் கேட்டு அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். படுத்தபடியே முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கச் சொன்னாள். ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுந்து உட்காரச் சொன்னாள். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை முன்னால் சாய்ந்து எழச் சொன்னாள். அவன் எழும்போது அவன் அக்குளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தாள். பாத்திரக்கடைக்காரனின் அத்தனை கனமும் அவள்மேல் இறங்கியது, அவள் தொடையும் கெண்டைக்காலும் கயிறுபோல முறுக்கிக்கொண்டு அதைத் தாங்கின. அவன் இரண்டு கையாலும் அவளைப் பற்றிக்கொள்வான். "பெரியம்ம, விட்டுராதிய."

"இன்னைக்கு விடமாட்டேன்," என்பாள் அவள்.

வெயில் போய் மழை வந்தது, மழை போய்ப் பனி வந்தது. ஒவ்வொரு நாளும் அவள் போனாள். அவன் உள்ளங்கையின் சூடு ஜெபக்கனியின் உள்ளங்கையைப்போலவே இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுநாள் கிளம்பும் முன்னால் அந்தக் காய்ந்த தரையையும் கவிழ்ந்த வாளியையும் நினைத்து மனதைக் கெட்டியாக்கிக்கொண்டாள். ஒருநாள் அவன் முழங்கை வழுக்கியபோது அவள் அவன் மேல்கையை இறுக்கிப் பிடித்தாள். விட்டபோது அதில் நான்கு விரல்களின் தடம் சிவந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

சுவரைப் பிடித்து நடந்தான். பிடிக்காமல் நடந்தான். கோட்டில் நடந்தான். பனிக்காலம் முடிகிற சமயத்தில் அவன் முதல்முறையாக ஒற்றைக் காலில் நின்றான்; அவன் கை அவள் கைமேல் சும்மா கிடந்தது, பிடிக்கவில்லை. அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே அவன் அழ ஆரம்பித்தான்.

"பெரியம்ம, அம்ம வழுக்கி விழல."

"காலு எறங்குது. தூக்கு."

அவன் தூக்கினான். "கையப் பிடிச்சு உலுக்குனேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே திரும்பிப் போனா. அந்தக் கோவத்துல உலுக்குனேன்."

"உலுக்குனியா, தள்ளுனியா?"

அடுப்படியில் மெர்சி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவன் மூக்கிலிருந்து நீர் ஒழுகியது. கால் ஆடவில்லை.

"தள்ளுனேன்."

"சரி," என்றாள் தங்கபுஷ்பம். "இப்பம் அடுத்த கால்."

கோயிலில் அசனப் பண்டிகை வந்தது. ஊரே கோயில் முற்றத்தில் பந்திபந்தியாக உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடும் நாள். சோறு பொங்கும் அண்டாக்கள் எப்போதும் துரைசிங் கடையிலிருந்துதான் வரும். அன்று அண்டாக்களோடு அவனும் வந்தான். வெள்ளை வேட்டி கட்டி, பஜார் நடுவில், யாரையும் பிடிக்காமல், தன் காலாலேயே நடந்து வந்தான். கடைக்காரர்கள் வெளியே வந்து கை தட்டினார்கள். குருவானவர் அவனைக் கட்டிப்பிடித்து, கோயிலின் உயரமான கல்படிகளின் உச்சிக்குக் கூட்டிப்போய், மைக்கைக் கையில் கொடுத்து, கர்த்தர் உனக்குச் செய்த நன்மையைப் பற்றிச் சாட்சி சொல் என்றார். அந்தப் படிகளுக்குக் கைப்பிடி கிடையாது.

தங்கபுஷ்பம் எதிர்பார்த்திருந்ததைவிட நல்ல இடம். கீழே வகுப்பு முழுவதும் முன்வரிசையில் நின்றது, நடுவில் சக்கர நாற்காலியில் ஆசீர்வாதம். அவள் அவரைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார். துரைசிங் மைக்கில், "படுத்த படுக்கையா கெடந்த என்னைக் கர்த்தர் எழுப்பினார்" என்று ஆரம்பித்தபோது, ஊரின் கிழடுகளெல்லாம் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, ஒன்றுபோல ஒரு காலைத் தூக்கினார்கள். தங்கபுஷ்பமும் தூக்கினாள். கண்ணையும் மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

அவள் தன் உடம்புக்குள் விழுதலைத் தேடினாள். கணுக்காலில் தேடினாள், முழங்காலில் தேடினாள், பானையின் அடியில் ஒட்டிய கடைசிப் பருக்கையைத் தேடுவதுபோல இடுப்பில் தேடினாள். இல்லை. அத்தனை மாதம் அவனைத் தூக்கித் தூக்கி, அவன் கனத்தைத் தாங்கித் தாங்கி, அவள் கால்கள் கருங்கல் தூணாகியிருந்தன. அனுப்புவதற்கு ஓர் ஆட்டம்கூட அவளிடம் மிச்சமில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். மற்றவர்களும் அப்படியே நின்றார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் விடாமல் பயிற்சி செய்த அத்தனை பேரும், குளத்துக் கரையில் நிற்கும் கொக்குகளைப்போல, துளி அசையாமல் நின்றார்கள். ஷெர்லின் பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படியின் உச்சியில் துரைசிங் இவர்களைப் பார்த்துவிட்டான். பேச்சு நின்றது. ஒற்றைக் காலில் நிற்கும் வரிசையைப் பார்த்தான், தங்கபுஷ்பத்தைப் பார்த்தான். தான் இத்தனை காலம் எதனால் விழுந்தோம், எதற்காக எழுப்பப்பட்டோம் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. மைக்கை இறுக்கிக்கொண்டு விழுவதற்காகக் காத்திருந்தான். விழவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். அப்போதும் விழவில்லை. மெல்ல அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றான்.

தங்கபுஷ்பம் காலைக் கீழே வைத்தாள். யாரையும் பிடிக்காமல் படியேறினாள். ஏறும்போது அவள் மனதில் ஒன்றுதான் இருந்தது: அவன் முதுகில் என் கையை வைத்தால் போதும். ஏறி முடித்தாள். அவன் ஒரு கை தூரத்தில் நின்றான், சிரிப்பு இன்னும் போகவில்லை. அவள் கை எழுந்தது. எழுந்த கை அவன் வேட்டி மடிப்பைத் தாண்டி, விலாவைத் தாண்டிப் போய், அவன் பிடியிலிருந்து மைக்கைப் பிடுங்கியது.

"அம்மா, இது அசன நாளும்மா," என்றார் குருவானவர் பதறிப்போய்.

"ஐயா, நீங்க சொன்னபடி நான் ஜெபம் பண்ணியாச்சு," என்றாள் தங்கபுஷ்பம். "இப்பம் சாட்சி சொல்லுதேன்."

எக்ஸ்சேஞ்சில் தூரத்து ஊர்களைக் கூப்பிட்ட குரல் அது. அண்டாப் பக்கம் நின்றவர்களுக்கும், கோயில் மதிலுக்கு வெளியே செருப்பைக் காத்துக்கொண்டு நின்றவர்களுக்கும் தெளிவாகக் கேட்டது. "ஜெபக்கனி வழுக்கி விழல. அன்னைக்குக் குளியலறைத் தரையில ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. அவ மகன் இவன்தான் தள்ளுனான். வீட்டுக்காகத் தள்ளுனான். எங்கிட்ட அவன் வாயாலயே சொன்னான்."

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டிகள் நின்றன. பிறகு பெண்கள் பந்தியின் நடுவிலிருந்து மெர்சி எழுந்தாள். கையில் சோறு ஒட்டியிருந்தது.

"அத்த சொல்லுறது நெசம்," என்றாள். "அன்னைக்கு அந்த வீட்டு அடுப்படில நான் நின்னேன். தள்ளுனதப் பாத்தேன்."

ஊர் முழுவதும் துரைசிங்கைப் பார்த்தது. அவனுக்கு விழ வேண்டும்போல இருந்தது. விழுந்தால் ஆட்கள் ஓடிவருவார்கள், தூக்குவார்கள், விசிறுவார்கள், பாவம் என்பார்கள். இந்தக் கண்கள் ஒரு நொடியாவது வேறுபக்கம் திரும்பும். அவன் முழங்காலைத் தளரவிட்டான். முழங்கால் தானாக நிமிர்ந்துகொண்டது. ஒருபக்கமாகச் சாய்ந்தான், இடுப்பு மறுபக்கம் இழுத்து நேர்செய்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முன்னால் விழப் பார்த்தான். விரல்கள் கல்லைப் பற்றின, கணுக்கால் அவனை நிறுத்தியது. மழையிலும் பனியிலும் அவள் பழக்கிய கால்கள் பழக்கியது அத்தனையையும் ஒன்றுவிடாமல் செய்தன.

பந்தியில் இருந்தவர்கள் இலையை மடக்கினார்கள். ஒவ்வொருவராக எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, படிக்குக் கீழே வந்து நின்று அவன் முகத்தைப் பார்த்தார்கள். வந்தவர்கள் போகவில்லை, பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்று அங்கிருந்தும் பார்த்தார்கள். சாப்பிட வந்திருந்த போலீஸ் ஏட்டையா கடைசியாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வெயில் உச்சிக்கு ஏறியது.

"பெரியம்ம," என்றான் துரைசிங். உதடு உலர்ந்திருந்தது. "கொஞ்சம் உக்காந்துக்கிடட்டா?"

தங்கபுஷ்பம் அவன் கால்களைப் பார்த்தாள். நல்ல கால்கள்.

"நில்லுலே," என்றாள்.